உயிரியலுக்கு முன் கொஞ்சம் வேதியியல்: படிவம் 4 மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

படிவம் 4 தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆனதும், ஜெலுத்தோங்கில் நான் நடத்தும் மாலை வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "டீச்சர், நாங்க உயிரியல்தானே எடுத்தோம், இதுல ஏன் இவ்வளவு கெமிஸ்ட்ரி?" கேட்பவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். படித்ததை மனத்தில் ஏற்ற முடியாமல் போவதால்தான் கேட்கிறார்கள்.

அவர்கள்மீது குற்றமில்லை. இப்போதைய உயிரியல் பாடநூலில் மூன்றாம் இயல் உயிரணுச் சவ்வின் வழியே பொருள்கள் நகர்வதைப் பற்றியது. உயிரணுவில் உள்ள வேதிப்பொருள்கள் நான்காம் இயலில்தான் வருகின்றன. வேதியியல் நூலை எடுத்தால் பிணைப்பு ஐந்தாம் இயல், அமிலமும் காரமும் ஆறாம் இயல். அயனி என்றால் என்னவென்று தெரியும் முன்பே, அயனி ஏன் சவ்வைத் தாண்ட முடியவில்லை என்று எழுதச் சொல்கிறோம். மனப்பாடம் செய்வதைத் தவிரப் பிள்ளைக்கு வேறு வழியில்லை.

மொழிச் சிக்கலும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் உயிர்வளி, கரிவளி, காடி என்று படித்தவர்கள் இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் ஓக்சிஜென், கார்போன் டையோக்சிடா, அசிட் என்று மலாயில் படிக்கிறார்கள். சில பள்ளிகளில் அதே பாடம் ஆங்கிலத்தில். ஒரு நோட்டில் மூன்று கோடு போட்டு மூன்று மொழிச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் பயம் பாதி குறைந்துவிடும். காடியும் அமிலமும் ஒன்றுதான்; நான் இங்கே அமிலம் என்றே எழுதுகிறேன்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறது: எலக்ட்ரான் யார் பக்கம் சாய்ந்திருக்கிறது? உயிரியலுக்கு வேண்டிய வேதியியலில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கும் என்பது பல ஆண்டு சொல்லிக்கொடுத்தபின் எனக்கு வந்த முடிவு.

படி 1: நான்கு தனிமங்களைப் பிடியுங்கள்

தனிம அட்டவணையைப் பார்த்து மலைக்க வேண்டாம். நம் உடல் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு நான்கே தனிமங்கள்: ஆக்சிஜன் 65, கார்பன் 18, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 3. அதாவது 50 கிலோ எடையுள்ள மாணவியின் உடலில் 32 கிலோவுக்கு மேல் ஆக்சிஜன். பெரும்பாலும் அது நீராகவே இருக்கிறது.

மிச்சத்தில் கால்சியம், பாஸ்பரஸ், பொட்டாசியம், கந்தகம், சோடியம், குளோரின், மக்னீசியம். இவற்றைப் பாடத்தில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இரும்பு, அயோடின் போன்றவை மிகச் சிறிதளவே வேண்டும். ஆனால் இரும்பு இல்லாமல் ஹீமோகுளோபின் இல்லை, அயோடின் இல்லாமல் தைராய்டு சுரப்பு இல்லை.

படி 2: அணுவின் வெளி ஓட்டை மட்டும் பாருங்கள்

அணுக்கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும், வெளியே எலக்ட்ரான்கள். புரோட்டான் எண்ணிக்கைதான் அது எந்தத் தனிமம் என்று சொல்கிறது. நியூட்ரான் எண்ணிக்கை மாறினால் அதே தனிமத்தின் ஐசோடோப்பு. கார்பன்-14 அப்படிப்பட்டது. 5,730 ஆண்டுகளில் அதில் பாதி சிதைந்துவிடும். பினாங்கின் பெருநிலப் பகுதியில் குவார் கெப்பா என்ற இடத்தில் தொல்கால மக்கள் தின்று போட்ட கிளிஞ்சல்கள் மேடாகக் குவிந்திருக்கின்றன. 2017இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. இப்படிப்பட்ட இடங்களின் வயதைக் கார்பன்-14 எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்தே கணிக்கிறார்கள். உயிரியலில் நியூட்ரானுக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை.

வேலை செய்வது எலக்ட்ரான். முதல் ஓட்டில் 2 எலக்ட்ரான்களுக்கு இடம், அடுத்ததில் 8. நம் நான்கு தனிமங்களும் வெளி ஓட்டை நிரப்பிக்கொள்ளப் பார்க்கின்றன. ஹைட்ரஜனுக்கு ஒன்று குறைகிறது, ஆக்சிஜனுக்கு இரண்டு, நைட்ரஜனுக்கு மூன்று, கார்பனுக்கு நான்கு. ஆகவே ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு, நைட்ரஜனுக்கு மூன்று, கார்பனுக்கு நான்கு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். குளுக்கோசோ அமினோ அமிலமோ, எதை வரைந்தாலும் ஒவ்வோர் அணுவின் கையையும் எண்ணிப் பாருங்கள். கார்பனுக்கு ஐந்து கை வந்திருந்தால் படம் தப்பு.

படி 3: பிணைப்பு என்பது எலக்ட்ரானுக்கான இழுபறி

இங்கே மூன்று நிலைகள் உண்டு.

முதல் நிலையில் இரு அணுக்களும் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தமிழ்நாட்டு நூல்களில் இதைச் சகப்பிணைப்பு என்பார்கள், மலாயில் இக்காத்தான் கோவலென். பங்கு சமமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எந்த அணு எவ்வளவு இழுக்கும் என்பதற்கு வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1932இல் ஓர் அளவுகோல் வகுத்தார். அதன்படி ஆக்சிஜன் 3.44, நைட்ரஜன் 3.04, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. கார்பனும் ஹைட்ரஜனும் அருகருகே உள்ள எண்கள். அவை சேர்ந்தால் யாரும் யாரையும் பெரிதாக இழுப்பதில்லை. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் எலக்ட்ரான் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்துவிடும். ஆக்சிஜன் முனையில் சிறிது எதிர்மின்னூட்டம், ஹைட்ரஜன் முனையில் சிறிது நேர்மின்னூட்டம். இப்படிச் சாய்ந்த மூலக்கூறை முனைவுள்ளது என்கிறோம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாததற்குக் காரணம் மேலே உள்ள நான்கு எண்களில்தான் இருக்கிறது.

இரண்டாம் நிலையில் இழுபறி முடிந்தே போய்விடுகிறது. சோடியத்தின் வெளி ஓட்டில் ஒரே எலக்ட்ரான், குளோரினுக்கு ஒன்று குறைவு. குளோரின் அதை எடுத்துக்கொள்கிறது. மின்னூட்டம் பெற்ற அணுவுக்கு அயனி என்று பெயர். சோடியம் நேர் அயனியாகவும் குளோரின் எதிர் அயனியாகவும் மாறி ஒன்றையொன்று கவர்கின்றன. இது அயனிப் பிணைப்பு. இங்கே ஒரு தெளிவு வேண்டும். சோடிய உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பற்றும். உங்கள் இரத்தத்தில் இருப்பது உலோகம் இல்லை, சோடிய அயனி. ஓர் எலக்ட்ரான் போனதும் அதன் குணமே வேறு. விடைத்தாளில் "சோடியம்" என்று மொட்டையாக எழுதாமல் "சோடிய அயனி" என்று எழுதப் பழகுங்கள்.

மூன்றாவது, ஹைட்ரஜன் பிணைப்பு. ஆக்சிஜனோடோ நைட்ரஜனோடோ சேர்ந்த ஹைட்ரஜனில் சிறிது நேர்மின்னூட்டம் இருக்கிறதல்லவா? அது பக்கத்தில் இருக்கும் வேறோர் ஆக்சிஜனையோ நைட்ரஜனையோ கவரும். இந்தக் கவர்ச்சி பலவீனமானது. நீருக்குள் இருக்கும் சகப்பிணைப்பின் வலிமையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஒன்றை அறுப்பது எளிது, ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் உறுதி. டி.என்.ஏ.வின் இரு இழைகளைச் சேர்த்து வைத்திருப்பவற்றில் இதுவும் ஒன்று. படியெடுக்கும் நேரத்தில் இழைகள் பிரிய வேண்டும், மற்ற நேரத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்றால் இப்படிப்பட்ட பிணைப்புதான் சரி.

படி 4: நீர்

இந்தப் படிக்கு அவசரப்படாதீர்கள். ஒரு மாலை முழுவதும் கொடுங்கள்.

நீர் மூலக்கூறு நேர்கோடு இல்லை, 104.5 டிகிரி வளைந்திருக்கிறது. வளைவு இருப்பதால்தான் ஒரு பக்கம் எதிர், மறுபக்கம் நேர் என்று மூலக்கூறு முழுவதும் முனைவாகிறது. ஒவ்வொரு நீர் மூலக்கூறும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது, நொடியின் மிகச் சிறிய பகுதியில் அதை விட்டு வேறொன்றைப் பிடிக்கிறது.

மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கொதிக்கும்போது என்ன அறுகிறது என்று கேட்டால், "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகின்றன" என்று எழுதுகிறார்கள். இல்லை. கெட்டில் மூக்கிலிருந்து வரும் ஆவியும் நீர்தான். மூலக்கூறுகளுக்கு இடையே இருந்த ஹைட்ரஜன் பிணைப்புகளே அறுகின்றன, மூலக்கூறு உடையவில்லை.

அந்தப் பிணைப்புகளை அறுக்க நிறைய வெப்பம் வேண்டும். நீரின் வெப்பநிலையை ஏற்றுவதும் கடினம். 1 கிராம் நீரை 1 டிகிரி சூடாக்க 4.2 ஜூல், சமையல் எண்ணெய்க்கு அதில் பாதி போதும். நம் உடல் பெரும்பகுதி நீர் என்பதால் வெயிலில் நடந்ததும் உடல் சூடு தாறுமாறாக ஏறிவிடுவதில்லை.

வியர்வையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தோலிலிருந்து 1 கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் எடுத்துக்கொள்கிறது. அரை லிட்டருக்கும் அதிகமான நீரை 1 டிகிரி குளிர்விக்க அந்த வெப்பத்தை எடுத்தால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: வியர்வை ஆவியாக வேண்டும். நண்பகலில் கொம்தார் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிப் போன வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அதே வெப்பநிலையுள்ள வறண்ட ஊரைவிடப் பினாங்கில் புழுக்கம் கூடுதலாகத் தோன்றுவது இதனால்தான்.

அடுத்து, கரைப்பது. உப்பை நீரில் போட்டால் நீரின் எதிர்முனை சோடிய அயனியைச் சூழ்கிறது, நேர்முனை குளோரைடு அயனியைச் சூழ்கிறது. இரண்டையும் பிரித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. சீனியில் அயனி கிடையாது. ஆனால் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைகள் நிறைய இருப்பதால் நீர் அதையும் அணைத்துக்கொள்கிறது. எண்ணெயில் நீர் பிடித்துக்கொள்ள முனையே இல்லை. நீர் மூலக்கூறுகள் தமக்குள்ளேயே கைகோத்துக்கொள்ள, எண்ணெய் ஒதுங்கி ஒன்றுசேர்கிறது. "எண்ணெய் நீரை வெறுக்கிறது" என்று சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. வெறுப்பு ஒன்றுமில்லை, நீர் தன் இனத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

படி 5: மோல் பயம் போக, பாட்டியின் இனிப்புநீர்க் கருவி

மோல் என்பது எண்ணிக்கைதான். டஜன் என்றால் 12. மோல் என்றால் 6.022 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு. ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம், ஒரு மோல் சமையல் உப்பு 58.5 கிராம். எடையை எண்ணிக்கையாக மாற்ற இந்த எண்களால் வகுத்தால் போதும்.

இதை எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை வைத்தே சொல்லிக்கொடுப்பேன். பாட்டி விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் 7 என்று வரும். ஒருநாள் சென்னையிலிருந்து பேசிய உறவினர், "எனக்குக் காலையில சுகர் 126 இருந்துச்சு" என்றார். பாட்டி பதறிப்போய், "ஐயோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு" என்றார். உண்மையில் இருவருக்கும் ஒரே அளவு. மலேசியாவில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று எண்ணிக்கையைச் சொல்கிறோம். இந்தியாவில் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எடையைச் சொல்கிறார்கள். 7 மில்லிமோலை 180ஆல் பெருக்கினால் ஒரு லிட்டருக்கு 1,260 மில்லிகிராம். 100 மில்லிலிட்டருக்கு 126. நோட்டில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

போட்டுவிட்டீர்களா? இப்போது இன்னொன்று. வெறும் வயிற்றில் 5 மில்லிமோல் இருப்பவரின் உடலில் 5 லிட்டர் இரத்தம் என்று கொள்வோம். மொத்தக் குளுக்கோஸ் 25 மில்லிமோல், அதாவது 4.5 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி அளவு. முழு உடலின் இரத்தத்திலும் அவ்வளவுதான்! ஒரு கோப்பை தே தாரிக்கில் விழும் கெட்டிப்பாலை நினைத்துப் பார்த்தால், இன்சுலின் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

மருத்துவமனையில் தொங்கும் இரண்டு பைகளையும் கவனித்திருப்பீர்கள். ஒன்றில் 0.9 விழுக்காடு உப்பு, மற்றதில் 5 விழுக்காடு குளுக்கோஸ். ஒரு லிட்டரில் 9 கிராம் எங்கே, 50 கிராம் எங்கே? ஆனால் இரண்டுமே இரத்தத்துக்கு ஏறத்தாழச் சமமான செறிவு. 9 கிராம் உப்பு 0.154 மோல், கரையும்போது ஒவ்வோர் உப்பும் இரண்டு அயனியாகப் பிரிவதால் 0.308 மோல் துகள்கள். 50 கிராம் குளுக்கோஸ் 0.278 மோல், அது பிரிவதில்லை. நீர் சவ்வைத் தாண்டி நகரும் சவ்வூடு பரவலில் எடையைப் பார்க்கக் கூடாது, துகள்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மூன்றாம் இயலுக்கு இது ஒரு சாவி.

படி 6: சங்குப்பூவும் பி.எச். அளவும்

ஆக்சிஜன் எலக்ட்ரானை இழுத்து வைத்திருப்பதால் நீரில் எப்போதாவது ஒரு ஹைட்ரஜன், தன் எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கழன்று பக்கத்து மூலக்கூறில் ஒட்டிக்கொள்கிறது. கரைசலில் ஹைட்ரஜன் அயனியைக் கூட்டுவது அமிலம், குறைப்பது காரம். எவ்வளவு என்று அளக்கும் பி.எச். அளவுகோலை 1909இல் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சென் என்ற வேதியியலாளர் அமைத்தார். அவர் அப்போது உடலின் வேதிவினைகளை விரைவாக்கும் என்சைம்களைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்த அளவுகோலே உயிரியல் கேள்வியிலிருந்து பிறந்தது என்பதை மாணவர்களிடம் சொல்லாமல் விடமாட்டேன்.

பி.எச். ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடும். எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்பது முதலில் குழப்பும், பழகிக்கொள்ளுங்கள். இரத்தம் 7.35 முதல் 7.45 வரை. வயிற்று நீர் ஏறத்தாழ 2. இரண்டுக்கும் 5.4 எண் வித்தியாசம் என்றால் சுமார் இரண்டரை லட்சம் மடங்கு.

வீட்டிலேயே பார்க்கலாம். பூசைக்குப் பறிக்கும் நீலச் சங்குப்பூதான், பெரானாக்கான் பலகாரங்களுக்கு நீலநிறம் தருவதும் அதுவே. பத்துப் பூக்களை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் சமமாக ஊற்றுங்கள். இரண்டாம் கோப்பையில் மட்டும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலக்குங்கள். நிறம் பச்சைப் பக்கம் போகும். இப்போது லீமாவ் கஸ்தூரிச் சாற்றை இரண்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, எண்ணிக்கொண்டே வாருங்கள். முதல் கோப்பை சில சொட்டுகளிலேயே ஊதாவாகிவிடும். சோடாக் கோப்பையில் நுரை எழும்பும், நிறம் மாற மறுக்கும். ஊதா வருவதற்குள் பல மடங்கு சாறு தேவைப்படும்.

அந்த நுரையை உற்றுப் பாருங்கள். சோடாவில் உள்ள பைகார்பனேட், சாற்றின் ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்துக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றுகிறது. உங்கள் இரத்தத்தில் இதே பைகார்பனேட்தான் காவல் நிற்கிறது. ஓடும்போது தசையில் அமிலம் கூடினால் பைகார்பனேட் பிடித்துக்கொள்கிறது. உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் வெளியே தள்ளுகிறது. மூச்சு வாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. இப்படிப் பி.எச்.ஐ நிலையாக வைத்திருக்கும் கரைசலுக்குத் தாங்கல் கரைசல் என்று பெயர். இந்தச் சோதனையைச் செய்த பிள்ளைகள் யாரும் அதன் பொருளை மறந்து நான் பார்த்ததில்லை.

படி 7: கார்பனின் நான்கு கை

நான்கு கை இருப்பதால் கார்பன் சங்கிலியாக நீளும், கிளை விடும், வளையமாகும். வெறும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிக்கு முனைவு இல்லை. அதில் ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ் உள்ள சிறு தொகுதிகள் ஒட்டும்போதுதான் குணம் வருகிறது. ஆகவே ஒரு மூலக்கூறைப் பார்த்ததும் கார்பன்களை எண்ணாதீர்கள். ஆக்சிஜனும் நைட்ரஜனும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று தேடுங்கள்.

உயிர் மூலக்கூறுகள் நான்கு குடும்பம். சர்க்கரைகளும் மாவுச்சத்தும் முதலாவது. சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் வாழைநாரில் இருக்கும் செல்லுலோசும் குளுக்கோஸ் கோத்தவைதான். கோத்த விதம் வேறு. அந்தச் சிறு வித்தியாசத்தால் ஒன்று செரிக்கிறது, மற்றது செரிப்பதில்லை.

கொழுப்பு இரண்டாவது. அதன் கார்பன் சங்கிலி நேராக இருந்தால் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கிக்கொள்ளும், எளிதில் உறையும். நடுவில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் சங்கிலி வளையும், நெருங்க முடியாது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நேரான சங்கிலிகள். 25 டிகிரிக்குக் கீழே போனதும் உறைந்துவிடும். குளிர்சாதன அறையில் வைத்த போத்தலையும் சமையலறையில் வைத்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொழுப்பில் ஒரு சங்கிலிக்குப் பதிலாக மின்னூட்டமுள்ள பாஸ்பேட் தொகுதி வந்தால் அது பாஸ்போலிப்பிட். பாஸ்பேட் உள்ள தலை நீரோடு சேரும், சங்கிலிகளான வால் சேராது. நீரில் போட்டால் வால்கள் உள்ளே ஒளிய, தலைகள் வெளியே பார்க்க, தானாகவே இரட்டை அடுக்காகிவிடும். உயிரணுச் சவ்வு அதுதான். நடுவில் முனைவே இல்லாத எண்ணெய்ப் பகுதி இருப்பதால் நீர் சூழ்ந்த அயனி அதைத் தாண்ட முடியாது. புரதக் கதவு வேண்டும். மூன்றாம் இயலில் மனப்பாடம் செய்யச் சொன்னார்களே, அந்த வரிக்கு விளக்கம் இது.

மூன்றாவது புரதம். 20 வகை அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்து மடிகின்றன. சிலவற்றில் மின்னூட்டமோ முனைவோ உண்டு, சிலவற்றில் இல்லை. இல்லாதவை உள்ளே ஒதுங்க, உள்ளவை வெளியே நீரைப் பார்க்க, புரதம் ஒரு வடிவம் எடுக்கிறது. வடிவம்தான் அதன் வேலை. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் என்ன ஆகும்? ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாம் இடத்தில் மின்னூட்டமுள்ள குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே முனைவில்லாத வேலின் வந்துவிட்டால், அந்த இடம் நீரை விட்டு ஒதுங்கப் பார்த்து, ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிபோல் நீள்கின்றன. சிவப்பணு அரிவாள் வடிவமாக வளைகிறது. வெர்னான் இங்கிரம் 1957இல் இதைக் கண்டு சொன்னார். ஒரு நோயின் வேரை ஓர் எலக்ட்ரான் கேள்விவரை தேடிப்போக முடிந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

நான்காவது டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. அவற்றுக்கு வேண்டிய ஹைட்ரஜன் பிணைப்பை மூன்றாம் படியிலேயே பார்த்துவிட்டோம்.

நான்கு குடும்பத்திலும் சிறு அலகுகள் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும், பிரியும்போது ஒரு நீர் மூலக்கூறு உள்ளே வரும். செரிமானம் என்று படிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலை.

படி 8: என்சைமும் ஆற்றலும்

மூன்று கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அகார்-அகாரோடு பச்சை அன்னாசித் துண்டுகள். இரண்டாவதில் ஜெலட்டினோடு பச்சை அன்னாசி. மூன்றாவதில் ஜெலட்டினோடு டின் அன்னாசி. குளிர்பெட்டியில் ஓரிரவு வைத்தால் முதலும் மூன்றும் கட்டியாகும். இரண்டாவது தண்ணீராகவே இருக்கும்.

ஏன்? ஜெலட்டின் புரதம். பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலின் என்ற என்சைம் புரதத்தை வெட்டிவிடுகிறது. அகார்-அகார் கடற்பாசியில் கிடைக்கும் சர்க்கரைச் சங்கிலி, புரோமெலினுக்கு அதில் வேலை இல்லை. டின்னில் அடைக்கும்போது சூடாக்கியதால் புரோமெலினின் மடிப்பு குலைந்துவிட்டது. என்சைம் ஒரு புரதம், தனக்குரிய பொருளை மட்டுமே தொடும், வெப்பத்தில் வடிவம் இழக்கும் ஆகிய மூன்றும் மூன்று கிண்ணத்தில் தெரிந்துவிடும். கொதிநீரில் என்சைம் "செத்துவிட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்கு உயிரில்லை.

ஆற்றலுக்கு மறுபடி நம் பழைய கேள்வி. குளுக்கோசில் கார்பனோடும் ஹைட்ரஜனோடும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கின்றன. உயிரணு அவற்றைப் படிப்படியாகக் கழற்றி, கடைசியில் பேராசையோடு இழுக்கும் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. உயரத்திலிருந்து தண்ணீர் விழுவதுபோல, வரும் வழியில் ஆற்றல் வெளிப்படுகிறது. ஒரு குளுக்கோசிலிருந்து உயிரணு தன் வேலைகளுக்கு ஆற்றலாகச் செலவழிக்கும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் ஏறத்தாழ 30 கிடைக்கின்றன. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் இந்தக் கடைசிப் படியில் எலக்ட்ரானை வாங்கி நீராகிறது.

தேர்வுக்கு முன் ஒரு ரப்பர்க் கேள்வி

என் பாட்டி சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். இந்தப் படிகளெல்லாம் முடிந்ததும், அவர் அன்றாடம் கண்ட மூன்று விஷயங்களை மாணவர்களிடம் கேட்பேன்.

மங்கில், அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில், விட்டுவைத்த பால் மறுநாளைக்குள் ஏன் தானாகவே கட்டியாகிறது? ரப்பர் பாலில் மூன்றில் ஒரு பங்குபோல் ரப்பர்த் துகள்கள்; அதுவும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள சங்கிலி, நீரோடு சேராது. ஆனால் ஒவ்வொரு துகளையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வையில் எதிர்மின்னூட்டம். எல்லாத் துகளிலும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாலாகவே மிதக்கின்றன. காற்றிலிருந்து விழும் பாக்டீரியா அமிலம் சுரக்கும். ஹைட்ரஜன் அயனிகள் எதிர்மின்னூட்டத்தை ஈடுசெய்யும். தள்ளுவிசை போனதும் துகள்கள் மோதி ஒட்டிக்கொள்ளும். தோட்டத்து ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவதும் இதே வேலையை விரைவாகச் செய்யத்தான்.

பாலாகவே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டுமென்றால் அம்மோனியா சேர்ப்பார்களே, அது ஏன்? இதற்கு ஆறாம் படியைப் புரட்டிவிட்டு நீங்களே இரண்டு வரி எழுதிப் பாருங்கள். "காரம்" என்ற சொல்லும் "பாக்டீரியா" என்ற சொல்லும் விடையில் வர வேண்டும்.

மூன்றாவது, இருட்டோடு எழுந்து போய் ஏன் வெட்ட வேண்டும்? வெயில் ஏறியதும் இலைகள் நீரை இழக்கின்றன, பட்டைக்குள் பால் குழாய்களின் அழுத்தம் குறைகிறது, பால் ஒழுங்காக ஓடாது. அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது, இரவில் ஏன் கூடுகிறது? இதற்கு விடை உயிரியல் நூலின் மூன்றாம் இயலில் இருக்கிறது. இப்போது அதைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.